புகை தெரியும் அளவு

"தெரியுதுக்கா."

கிணற்றடியிலிருந்து பியூலா கையை ஆட்டினாள். ஆவுடையம்மாள் வாயில் மிச்சமிருந்த ஆவியை மூக்கு வழியாக விட்டுவிட்டு, கையிலிருந்த கருவியின் சின்னத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். இருபது வாட். அருகில் குத்தவைத்திருந்த ஆல்வின் எட்டி, பட்டனை அமுக்கி எண்ணை இறக்கினான்.

"பதினெட்டு. இழுங்கக்கா."

இழுத்தாள். விட்டாள்.

"இப்பவும் தெரியுது. கொஞ்சம்போல."

"உத்துப் பாத்தாத்தான் தெரியும்," என்றான் ஆல்வின்.

"உத்துப் பாக்கத்தான மேனேஜருக்குச் சம்பளம். இன்னும் இறக்கு," என்றாள் ஆவுடையம்மாள்.

வன்னியம்பட்டியில் அந்த இரண்டு வீடுகளுக்கும் கொல்லை ஒன்றுதான். துணி காயப்போடும் கம்பிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரமும், மில் வாசலுக்கும் எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் உள்ள தூரமும் ஒன்று என்று கண்டுபிடித்துச் சொன்னவள் பியூலா. ராஜபாளையம் போகும் ரோட்டில் உள்ள அந்த மில்லில் அவள் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தாள். ஆவுடையம்மாள் அதே மில்லின் வாசலில் காவல். பியூலாவின் புருஷன் ஆல்வின் துபாயில் ஏசி மெக்கானிக். லீவில் வந்திருந்தான். அந்த மின்சிகரெட் கருவி அவனுடையது. சிகரெட்டை விடுவதற்காக வாங்கியதாம். இப்போது இரண்டும் அவனிடம் இருந்தன.

பதினாறு வாட்டில் பியூலா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். பதினான்கில் தலையை ஆட்டினாள்.

"ஒண்ணும் தெரியலக்கா. நீ சும்மா நிக்கிற மாதிரி இருக்கு."

"எனக்கும் சும்மா நிக்கிற மாதிரித்தான் இருக்கு," என்றாள் ஆவுடையம்மாள்.

ஆல்வின் சிரித்தான். தொண்டையில் எப்படி இருக்கிறது என்று கேட்டான். ஈரத்துணியை மோந்த மாதிரி இருப்பதாக அவள் சொன்னாள். அவன் விளக்கினான். உள்ளே மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது. சுருளுக்குள் பஞ்சு. பஞ்சு நிக்கோடின் தண்ணியைக் குடிக்கும், கம்பி சூடாகும், தண்ணி ஆவியாகும். வாட்டைக் கூட்டினால் ஆவி கூடும், தொண்டையைப் பிடிக்கும். குறைத்தால் பாதி வேகாத தண்ணி வாயில் தெறிக்கும். அவன் சுற்றியிருக்கும் கம்பிக்கு இருபதிலிருந்து இருபத்தெட்டு வரைக்கும்தான் சரியான இடம்.

"சரியான இடத்துல வச்சா தெரியுது. தெரியாத இடத்துல வச்சா சரியா இல்ல," என்றாள் ஆவுடையம்மாள். "பதினாலுலயே விடு. வேலை வேணும்ல."

மில்லுக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜர் மரியாதை தெரிந்தவர். அவளை நிற்கவைத்துப் பேசவில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பஸ் நிறுத்தத்தில் அவள் பீடி குடிப்பதைக் காரிலிருந்து பார்த்ததாகச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து நூல் வாங்குகிறவர்கள் வந்துபோகும் இடம். ஹாஸ்டல் பிள்ளைகள் நடமாடும் இடம். காவலுக்கு நிற்கும் பெண்ணே ரோட்டில் நின்று பீடி குடித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். மாதம் முடிவதற்குள் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும். இதையெல்லாம் அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"பால்பாண்டியும் விடணுமா சார்?"

"அது வேறம்மா," என்றார் அவர்.

பால்பாண்டி அவளோடு அதே வாசலில் நிற்பவர். பட்டாளத்திலிருந்து வந்தவர், அவளைவிட இரண்டு வயது இளையவர், மதினி என்று கூப்பிடுவார். மில்லுக்குள் தீப்பெட்டி போகக்கூடாது. ஆண்களை அவரும் பெண்களை இவளும் தடவிப் பார்த்து உள்ளேயும் வெளியேயும் விடுவார்கள். ஆகவே இருவரின் பீடிக்கட்டும், இருவருக்கும் பொதுவான ஒரு தீப்பெட்டியும் பஸ் நிறுத்தத்துச் சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டையில் இருக்கும். ஒருவர் போய்வரும்வரை மற்றவர் வாசலைப் பார்த்துக்கொள்வார். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது. மேனேஜர் அழைத்துப் பேசியதை அவள் சொன்னபோது பால்பாண்டி தொண்டையைச் செருமினார். பிறகு, என்ன இருந்தாலும் அவிய சொல்றதிலயும் ஒரு இது இருக்கு மதினி என்றார்.

வேலை போனால் வாடகை வீடு போகும். வீடு போனால் மகாராஜபுரத்தில் கொழுந்தன் வீடு. அந்த வீட்டில் அவள் புருஷன் செத்த பிறகு ஒரு வருஷம் இருந்திருக்கிறாள். சோறு போட்டார்கள். எங்கே போகிறாய், எப்போது வருவாய், யாரிடம் பேசினாய் என்றும் கேட்டார்கள். ஒருநாள் கொழுந்தன் அவளுடைய பீடிக்கட்டை எடுத்து அடுப்பில் போட்டான். அவள் கடைக்குப் போய் இன்னொரு கட்டு வாங்கிவந்து, வீட்டு முன்வாசலில் நின்று, தெரு பார்க்க ஒன்றைக் குடித்து முடித்தாள். அடுத்த வாரம் வன்னியம்பட்டிக்கு வந்துவிட்டாள். இந்த வீட்டின் சாவி அவள் இடுப்பில் இருந்தது. வேறு யாரிடமும் இன்னொரு சாவி இல்லை.

பீடி அவளுக்குத் தோப்பில் பழகியது. அவள் அப்பா கண்ணுச்சாமி பிளவக்கல் அணைக்கு மேற்கே மாந்தோப்புக் காவல் பார்த்தார். காய் பிடிக்கும் காலத்தில் மலையிலிருந்து யானை இறங்கும். வெடி கொளுத்திப் போட்டுத்தான் திருப்ப வேண்டும். மலைக்காற்றில் தீக்குச்சி நிற்காது, பீடி நுனியில்தான் திரியைப் பற்றவைக்க முடியும். அதனால் தோப்பில் யாராவது ஒருவர் வாயில் பீடி கனன்றுகொண்டே இருக்கும். அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி இழுக்க முடியாமல் போனபோது, பக்கத்தில் இருந்த பதினேழு வயது மகளிடம் நீட்டினார். அணையவிடாதே என்று மட்டும் சொன்னார். அந்தப் பருவம் முழுக்க அவள் அணையவிடவில்லை. அடுத்த பருவம் தோப்பை அவளே பார்த்துக்கொண்டாள். தோப்புக்காரர் ஒரு கிளை ஒடியாமல் காப்பாற்றியவள் என்று ஊரெல்லாம் சொன்னார். பொம்பளைப்பிள்ளை வாயில் பீடியா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. மாங்காய் விற்று முடிந்த பிறகுதான் கேட்டார்கள்.

கட்டிக்கொண்ட சங்கையா லாரி ஓட்டினார். கடையில் தனக்கு ஒரு கட்டு வாங்கினால் அவளுக்கும் ஒன்று வாங்குவார். அதைப் பற்றி அவர் பேசியதே கிடையாது. அவர் போன பிறகு காவல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்கு அவள் போனாள். முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். யானையைத் திருப்பியிருக்கேன், மனுசனைத் திருப்ப மாட்டேனா என்று கேட்டாள். எடுத்துக்கொண்டார்கள்.

லீவு முடிந்து ஆல்வின் துபாய்க்குக் கிளம்பும்போது கருவியை அவளிடமே விட்டுவிட்டான். அங்கே போய் வேறு வாங்கிக்கொள்வானாம். இது இந்த நாட்டில் விற்கக்கூடாத சாமான், யாராவது கேட்டால் தன் பெயரைச் சொல்லவேண்டாம் என்று மெதுவாகச் சொன்னான். அவளுக்கு அது தெரியும். வாசலில் பிடிக்கவேண்டிய பொருள்கள் என்று ஏஜென்சி சொல்லியிருந்ததில் இதுவும் உண்டு. அதனால் அதை ஒருநாளும் மில்லுக்குள் கொண்டுபோகவில்லை. பீடி இருந்த ஓட்டையிலேயே, பால்பாண்டி கைக்குத் தட்டுப்படாதபடி உள்ளே தள்ளி, துணியில் சுற்றி வைத்தாள்.

பதினான்கு வாட் என்பது பெயருக்குத்தான். ஒரு இழுப்பில் ஒன்றும் கிடைக்காது. நாலைந்து இழுத்தால்தான் தொண்டைக்கு ஏதோ வந்துபோன நினைப்பு இருக்கும். இடையில் கொதித்த துளி உதட்டில் தெறிக்கும். மூன்றாம் வாரம் அதுவும் போய்த் தீய்ந்த வாடை வந்தது. பஞ்சு கருகியிருந்தது. மாற்றவேண்டும் என்று ஆல்வின் காட்டிக்கொடுத்திருந்தான்.

பஞ்சுக்கு அந்த ஊரில் என்ன குறை. பியூலா அன்று வேலை முடிந்து வந்து, கொல்லையில் நின்று தலையையும் சேலையையும் தட்டி, ஒட்டியிருந்த பஞ்சையெல்லாம் உருட்டிக் கொடுத்தாள்.

"ஏட்டி, மில்லுச் சாமானா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"நீதான தடவிப் பாத்து வெளிய விட்ட. தலையில ஒட்டுனது திருட்டுல சேராது."

ஆவுடையம்மாள் அதைத் தொடையில் வைத்து, கார்த்திகைக்குத் திரிப்பதுபோல முறுக்கித் திரித்தாள். அழகான திரி. சுருளுக்குள் நுழைத்துத் தண்ணி ஊற்றி இழுத்தாள். தீய்ந்த வாடை நெஞ்சில் போய் அடித்தது. கண்ணில் தண்ணி வர இருமினாள். சூடு அதிகமோ என்று பன்னிரண்டுக்கு இறக்கினாள். அப்போதும் தீய்ந்தது. சூடு போதவில்லையோ என்று இருபதுக்கு ஏற்றினாள். திரி கங்காகவே போய்விட்டது. இருவரும் வாட் எண்ணைத் திட்டினார்கள். பிறகு பியூலா போனில் ஆல்வினைப் பிடித்து, திரியைக் காட்டினாள். அவன் திரியை உற்றுப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"சாமிக்கு வெளக்குப் போடப் போறீயளாக்கா?"

முறுக்கினால் பஞ்சு குடிக்காது, தளரத்தான் விடவேண்டும் என்றான். பிறகு மில் பஞ்சே ஆகாது என்றான். செடியிலிருந்து வந்த மெழுகு அதிலேயே இருக்கும், தண்ணி ஒட்டாது. மருந்துக்கடையில் விற்கும் வெந்து வெளுத்த பஞ்சுதான் வேண்டும். பியூலா ஒரு துணுக்கை டம்ளர் தண்ணியில் போட்டுப் பார்த்தாள். மிதந்தது. பதினோரு வருஷமாக நூலோடு கிடக்கிறேன், இது எனக்குத் தெரியாது என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடையில் காயத்துக்கு வைக்கும் பஞ்சு வாங்கிவந்தார்கள். புதுப் பஞ்சை நன்றாக நனையவிட்டுப் பதினான்கில் இழுத்தபோது பழையபடி ஈரத்துணி.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு தடவை, ஆல்வின் சொன்ன சரியான இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க, அவள் கொல்லையில் தனியாக நின்று ஒவ்வொன்றாக ஏற்றினாள். இருபது. இருபத்திரண்டு. இருபத்தாறில் தொண்டை பிடித்தது. நெஞ்சில் இறங்கியது. ஆவி துணிக்கம்பி முழுக்க மேகமாகப் பரவ, சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கொசு மருந்தா என்று கேட்டார். ஆமாம் என்றாள். உடனே பதினான்குக்கு இறக்கினாள்.

இருமல் அவளுக்கு இருந்தது. மழைக்காலத்தில் கூடும். அதை அவள் மறைத்ததில்லை. எல்லாத்தையும் மொத்தமாக விட்டுத் தொலையேன் என்று பியூலா அடிக்கடி சொல்வாள். விட்டாலும் விடுவேன், ஆனா எனக்காகத்தான் விடுவேன் என்பாள்.

மில்லில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பஸ் நிறுத்தத்துச் சுவரில் சாய்ந்து, கையை வாயருகே கொண்டுபோய் முகம் துடைப்பதுபோல இழுத்துக்கொண்டாள். பார்த்தவர்கள் பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்று போனார்கள். சில நாளில் வேறொன்று தொடங்கியது. பாராட்டு. வைண்டிங் பெண்கள் கையைத் தூக்கிச் சோதனைக்கு நிற்கும்போது, அக்கா இப்போதுதான் நம்ம வீட்டு மனுசி மாதிரி இருக்கிறாய் என்றார்கள். ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தி ஜெபித்தேன் ஆச்சி என்றாள். மேனேஜர் ஒருநாள் காரை வாசலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கேள்விப்பட்டேன், சந்தோஷம்மா, உங்கள் வயதுக்கு இதுதான் அழகு என்று சொல்லிவிட்டுப் போனார். ஆவுடையம்மாள் சல்யூட் வைத்தாள். கை இறங்கும்போது கனத்தது.

அன்று ஷிப்ட் முடிந்து அவளும் பால்பாண்டியும் பஸ்ஸுக்கு நின்றார்கள். பியூலாவும் வேலை முடிந்து வந்து சேர்ந்துகொண்டாள். பால்பாண்டி ஓட்டைக்குள் கைவிட்டுத் தன் கட்டை எடுத்தார், பற்றவைத்தார், புகையை ஆகாயத்துக்கு விட்டார்.

"மதினி நல்ல பேரு எடுத்துட்டா," என்றார் பியூலாவிடம். "மனசு வச்சா முடியாதது இல்ல பாத்தியா. நம்மளுக்குத்தான் அந்த வைராக்கியம் இல்ல."

அவர் மனமாரத்தான் சொன்னார். ஆவுடையம்மாள் அவர் வாயில் இருந்த பீடியைப் பார்த்தாள். அது நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஓட்டைக்குள் கைவிட்டுத் துணியைப் பிரித்தாள். பட்டனை அமுக்கத் தொடங்கினாள். பதினைந்து. பதினாறு. அவள் கட்டைவிரல் நிற்காததைப் பியூலா பார்த்தாள்.

"அக்கா, கார் வார நேரம்."

"தெரியும்."

இருபத்தாறில் நிறுத்தினாள். முகத்தைத் துடைக்கவில்லை. சுவரில் சாயவில்லை. ரோட்டோரம் வந்து நின்று, நெஞ்சு நிறைய இழுத்து, விட்டாள். அது பஸ் நிறுத்தத்தை மூடி, பால்பாண்டியை மூடி, ரோட்டுக்கு இறங்கியது. புதினா வாடை அடித்தது. சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்த மேனேஜரின் கார் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று பிரேக் போட்டு நின்றது. அவள் இரண்டாவது தடவை விட்டாள்.

மேனேஜர் இறங்கியே வந்தார். முதலில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார், பிறகு அவள் கையை.

"என்னம்மா இது? விட்டுட்டீங்கன்னு சொன்னாங்களே."

"விடல சார். கண்ணுக்குத் தெரியாம குடிச்சேன். பதினாலுல வச்சா உங்களுக்குத் தெரியாது. எனக்கு இருபத்தாறு வேணும்."

அவருக்கு எண்கள் புரியவில்லை. பொருள் புரிந்தது. இது தடைசெய்யப்பட்ட பொருள், வாசலில் நிற்கிறவருக்கே இது தெரியாதா, யார் கொடுத்தது என்று கேட்டார். பியூலா ஆவுடையம்மாளின் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"யாரும் குடுக்கல. எங்கிட்ட இருக்கு. நீங்க கண்ணுல படக்கூடாதுன்னு சொன்னீய, அதுக்குத்தான் இந்தச் சாமானத் தூக்கினேன். இனிமே தூக்க மாட்டேன்." கருவியை அணைத்துப் பியூலா கையில் வைத்தாள். "பீடிக்குத் தடை இல்ல சார். அந்தக் கடையிலயே விக்குது. ஏலே பால்பாண்டி, ஒரு பீடி குடு."

பால்பாண்டி தன் பீடியை எப்போதோ கீழே போட்டு மிதித்திருந்தார். மேனேஜரைப் பார்த்தார். கட்டு கையில்தான் இருந்தது. கொடுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. ஆவுடையம்மாள் அந்தக் கட்டிலிருந்து தானே ஒன்றை உருவி, ஓட்டையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, கையைக் குவித்துப் பற்றவைத்தாள்.

"வேலைய விட்டு அனுப்பணும்னா எங்க ரெண்டு பேரையும் சேத்து அனுப்புங்க. இல்லன்னா ரெண்டு பேரையும் வச்சுக்கிடுங்க. இருமுதியே, அதுக்காக விடும்மான்னு சொல்லுங்க, யோசிக்கேன். பொம்பளைன்னு சொல்லாதீய."

நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று மேனேஜர் காரில் ஏறினார். கார் திரும்பியபோது வாசலில் நின்ற அடுத்த ஷிப்ட் காவல்காரர் கதவைத் திறக்க மறந்து இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் அடிக்கவேண்டியிருந்தது. பஸ் வரும்வரை அவள் பீடியைக் குடித்தாள். பாதியில் இருமினாள். மிச்சத்தையும் குடித்தாள்.

மறுநாள் ஆவுடையம்மாள் வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கினாள். வாசல் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. காவல் பணியாளர்கள் எவரும் சீருடையில் மில்லுக்கு எதிரிலோ பஸ் நிறுத்தத்திலோ புகைபிடிக்கக் கூடாது என்று போட்டிருந்தது. ஆண், பெண் என்று அதில் இல்லை. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பால்பாண்டியும் படித்தார். அவர் அன்று அவளை மதினி என்று கூப்பிடவில்லை, வேறு எப்படியும் கூப்பிடவில்லை. சோதனை நடந்தது. வைண்டிங் பெண்கள் பேசாமல் கையைத் தூக்கினார்கள். ஒருத்தியிடம் தீப்பெட்டி இருந்தது, வாங்கி வைத்தாள். மேனேஜரின் கார் வந்தது. அவள் கதவைத் திறந்தாள், சல்யூட் வைத்தாள். கண்ணாடி இறங்கவில்லை. வேறு ஆள் பார்ப்பதாக யாரும் வந்து சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்ததும் பால்பாண்டி ராஜபாளையம் பக்கமாக அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தார். அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமாக அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தாள். அங்கே ஒரு பீடி குடித்தாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது.